அழகு யாருடைய உடைமை?

‘பள்ளிகொண்டபுரம்’ என்னும் நாவலை நம் மன்றத்து நண்பர்கள் சிலர் இப்பருவத்தில் படித்து முடித்திருக்கின்றனர். படித்தவர்கள் பேசாதிருக்கவில்லை. விடுதி உணவறையிலும், பேருந்து நிறுத்தத்திலும், மன்றத்தின் மாலைக் கூட்டத்திலும் ஒரே வழக்குத்தான் நடக்கிறது. கார்த்தியாயினி செய்தது சரியா, தவறா? கேள்வி எழுந்தவுடன் இரு கட்சி. சில நிமிடங்களில் இரு கட்சியும் நான்காகி விடுகின்றன. ஒரு நாவல் இவ்வளவு பேரைப் பேச வைப்பது நல்லதே. ஆனால் பேச்சு செல்லும் வழி சரியானதுதானா என்பதை ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்காகவே இக்கட்டுரை.

நாவலைப் படிக்காத நண்பர்களுக்காகச் சில செய்திகள். இதனை எழுதிய நீல பத்மநாபன் 1938 ஆம் ஆண்டு இத்திருவனந்தபுரத்தில் பிறந்தவர். மொழிப் பேராசிரியர் அல்லர். கேரள மின்சார வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். 1968 இல் ‘தலைமுறைகள்’ வெளிவந்து அவர் பெயரை நிலைநாட்டியது. அடுத்து 1970 இல் வந்தது ‘பள்ளிகொண்டபுரம்’. நெடுங்காலம் கழித்து 2007 இல், ‘இலையுதிர் காலம்’ என்ற நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமி விருதும் அவருக்குக் கிடைத்தது.

கதையின் தலைவர் அனந்தன் நாயர். வயது ஐம்பது. அவருடைய மனைவி கார்த்தியாயினி பேரழகி. அவள் செல்வமும் செல்வாக்கும் உடைய இன்னொருவருடன் போய்விட்டாள். ஒரு மகனும் ஒரு மகளும் தகப்பனிடம் வளர்ந்தனர். இவ்வளவும் கதை தொடங்குமுன்பே நடந்து முடிந்தவை. நாவலில் இப்போது நடப்பது மிகக் குறைவு. ஓரிரு நாட்களுக்குள் அடங்கிவிடும். ஐம்பது வயது மனிதர் ஒருவர் கோயிலும் குளமும் கடைவீதியும் கடற்கரையுமாகிய இந்நகரத்தில் நடக்கிறார். நடக்க நடக்க நினைக்கிறார். அந்த நினைவுதான் நாவல். வளர்ந்து ஆளாகிவிட்ட மகனோ, தாய் செய்ததைத் தகப்பனின் கண்கொண்டு பார்ப்பதில்லை. முடிவை இங்கே சொல்லி, படிக்கப் போகிறவர்களின் இன்பத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

இனி, நண்பர்களின் கருத்துகளைப் பார்ப்போம்.

முதற் கட்சியினர் கார்த்தியாயினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். நல்ல கணவனையும், பெற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு வசதியைத் தேடிச் சென்றவள் என்பது அவர்கள் சாட்டும் குற்றம். இரண்டாம் கட்சியினர் அனந்தன் நாயரையே சாடுகின்றனர். மனைவியை மனுஷியாகப் பாராமல், கோயில் சிலையைப் போல் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தவர். அவளை இழந்த பின்னரும் செய்வது ஒன்றுமின்றித் தன்னிரக்கத்தில் மூழ்கிக் கிடப்பவர் என்பது அவர்கள் வாதம். மூன்றாம் கட்சிக்குக் கதைமாந்தரைப் பற்றிக் கவலையில்லை. “கதை நகரவே இல்லை, நடக்கிறார், நினைக்கிறார், மறுபடியும் நடக்கிறார், இதற்கு ஒரு நாவலா?” என்கின்றனர். நான்காம் கட்சி மொழிக் கட்சி. “நாயர் குடும்பத்துக் கதை, மலையாளம் கலந்த பேச்சு. இது எப்படித் தமிழ் நாவலாகும்?” என்பது அவர்கள் கேள்வி.

இந்நான்கில் முதல் இரண்டும் பட்டிமன்ற மனப்பான்மையில் பிறந்தவை. நமக்குப் பட்டிமன்றம் பிடிக்கும், அதில் தவறில்லை. கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்று எத்தனை மேடைகளில் எத்தனை ஆண்டுகளாக வாதாடியிருக்கிறோம்! ஆனால் சிலப்பதிகாரத்தை இயற்றிய இளங்கோவடிகள் அப்படியொரு தீர்ப்பை எங்கும் எழுதவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். இருவருக்கும் அவரவர்க்குரிய துயரத்தைக் கொடுத்து, இருவரையும் நம் முன் நிறுத்தினார், அவ்வளவே. நடுவர் நாற்காலியில் ஏறி அமர்ந்தவர்கள் நாம்தாம்.

இஃது நமக்கு மட்டும் உரிய குணமும் அன்று. 1879 இல் நார்வே நாட்டு இப்சன் ‘பொம்மை வீடு’ என்ற நாடகத்தை எழுதினார். கணவனையும் குழந்தைகளையும் விட்டு நோரா வெளியேறுவதாக நாடகம் முடிகிறது. ஐரோப்பா கொந்தளித்தது. ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகையே, எந்தத் தாயும் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டாள் என்று சொல்லி அம்முடிவை நடிக்க மறுத்துவிட்டார். வேறு வழியின்றி, நோரா போகாமல் நின்றுவிடுவதாக இன்னொரு முடிவை இப்சனே எழுதிக் கொடுக்க நேர்ந்தது. தன் நாடகத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்றே அவர் அதனைக் கருதினார். தமிழிலும் இத்தகைய கதை உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966 இல் ஆனந்த விகடனில் வந்தபோது, கெட்டுப் போனதாக உலகம் சொல்லும் மகளைத் தாய் ஏற்றுக் கொள்வதா என்று பெருஞ்சர்ச்சை எழுந்தது. அந்தத் தாய் அவ்வாறு நடந்திராவிட்டால் அப்பெண் என்னவாகியிருப்பாள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அவரே பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். வாசகர்களின் சினம் ஒரு சிறந்த நாவலுக்கு விதையாகியது. ஆகவே வாசகர்கள் மாறுபடுவதைக் கண்டு நாம் வருந்த வேண்டியதில்லை. எதைப் பற்றி மாறுபடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

கார்த்தியாயினியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவள் அழகு தெரியும். அவள் சென்றது தெரியும். இவற்றை யார் சொல்லித் தெரிந்தது? பெரும்பாலும் அனந்தன் நாயரின் நினைவு சொல்லித்தான்! நாவலில் நாம் காணும் கார்த்தியாயினி, அவளை இழந்த ஒருவர் பல ஆண்டுகள் மனத்திற்குள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய கார்த்தியாயினி. அவளைக் குற்றவாளி என்பவர்கள் வழக்குத் தொடுத்தவரின் வாக்குமூலத்தையே தீர்ப்பாக எடுத்துக் கொள்கின்றனர். எந்த நீதிமன்றமும் இதற்கு இடங்கொடாது. ஆசிரியர் கதையை நேர்கோட்டில் சொல்லாமல், நினைவின் வழியே சொன்னதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. “கதை நகரவில்லை” என்னும் மூன்றாம் கட்சி நண்பர்களுக்கும் இதுவே விடை. நகர முடியாத மனிதர் ஒருவரின் கதை இது. அவருடைய வாழ்க்கை ஒரு நாளில், ஒரு பிரிவில் நின்றுபோய்விட்டது. கால்கள் நடக்கின்றன, மனம் நடக்கவில்லை. அவ்வுண்மையை விறுவிறுப்பான சம்பவங்களால் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

சரி, நினைவு எதைச் சுற்றிச் சுற்றி வருகிறது? அழகைச் சுற்றி. மனைவியின் அழகு அனந்தன் நாயருக்கு முதலில் பெருமை, பின்பு அச்சம், கடைசியில் காயம். இம்மூன்றும் மூன்று அல்ல, ஒன்றே. ஒருவர் தம்மிடம் உள்ள விலையுயர்ந்த பொருளைப் பற்றிப் பெருமைப்படலாம், அது களவு போகும் என்று அஞ்சலாம், போனபின் வருந்தலாம். ஆனால் மனைவி பொருளா? ‘இவ்வளவு அழகிய பெண்ணின் கணவன்’ என்பதையே தம் அடையாளமாக ஒரு மனிதர் வைத்துக் கொண்டால், அவள் போகும்போது மனைவி மட்டும் போவதில்லை. அவர் யார் என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. ஐம்பதாவது வயதில் அவர் தெருத்தெருவாகத் தேடுவது கார்த்தியாயினியை அன்று. தொலைந்துபோன அனந்தன் நாயரை என்றே நான் கருதுகிறேன்.

இவ்வாறு சொல்வதால் நான் இரண்டாம் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று முதற் கட்சி நண்பர்கள் எண்ண வேண்டாம். அவர்களுடைய வாதத்தில் தள்ளிவிட முடியாத ஒன்று உண்டு. அஃது பிள்ளைகள். பிள்ளைகளைப் பிரிந்து சென்றது ஒரு தாய். அவர்களை வளர்த்தது இம்மனிதர். ஊர் சிரித்தபோதும் வேலைக்குப் போய், உலை வைக்க அரிசி வாங்கி, இரண்டு உயிர்களை ஆளாக்கியவரை ‘தன்னிரக்கக்காரர்’ என்ற ஒரே சொல்லில் மூடிவிடுவது அநியாயம். அவர் துன்பம் உண்மையானது. துன்பப்படுகிறவரின் பார்வை முழு உண்மையாக இல்லாமலிருக்கலாம். அதற்காகத் துன்பம் பொய்யாகிவிடாது. இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக் கொள்வது கடினம். அக்கடினத்தைத் தாங்க மாட்டாமல்தான் நாம் கட்சி சேர்கிறோம்.

இக்கதை நாயர் குடும்பத்தில் நிகழ்வது தற்செயலன்று என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். பழைய மருமக்கத்தாய முறையில் பெண் தன் தறவாட்டிலேயே வாழ்ந்தாள். பிள்ளைகள் தாய்வழியினர். சம்பந்தம் என்னும் மண உறவை இரு தரப்பாரில் எவரும் முறித்துக் கொள்ளலாம். அதனால் பெண்ணுக்கு இழுக்கு வந்துவிடாது. 1912, 1925 ஆகிய ஆண்டுகளில் திருவிதாங்கூரில் பிறந்த நாயர் சட்டங்கள் இம்முறையை மாற்றத் தொடங்கின. கணவன் மனைவி பிள்ளைகள் என்ற குடும்பத்திற்குச் சட்ட வடிவம் வந்தது. 1975 ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. நாவல் வெளிவந்த காலத்தோடு ஒட்டிப் பார்த்தால், அனந்தன் நாயர் 1920 வாக்கில் பிறந்தவராவார். அதாவது, ஒரு முறை சாய்ந்து மறுமுறை நிமிர்ந்து கொண்டிருந்த காலத்தின் குழந்தை. அவருடைய பாட்டியின் தலைமுறையில் இத்தகைய பிரிவு நிகழ்ந்திருந்தால் ஊர் இவ்வளவு பேசியிராது. பிள்ளைகளும் தாயின் தறவாட்டிலேயே வளர்ந்திருப்பர். புதிய முறையில் மனைவி கணவனுக்கு உரியவளானாள். அவள் போனால் கணவனுக்கு மானக்கேடு என்பதும் கூடவே வந்தது. நாகரிகம் முன்னேறிவிட்டதாகச் சொல்லப்பட்ட காலத்தில் பெண்ணின் உரிமை ஒரு பக்கம் சுருங்கியது என்ற விந்தையை இந்நாவலின் பின்னணியில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

இதே ஆசிரியரின் ‘தலைமுறைக’ளையும் உடன்வைத்துப் படித்தால் இன்னொரு தெளிவு கிடைக்கும். அதில், நாகம்மை என்ற பெண்ணை அவள் கணவன், ‘இவள் பெண்ணே அல்லள்’ என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். குற்றமற்ற அவள்மீது ஊர் அந்தச் சொல்லைச் சுமத்துகிறது. தம்பி திரவி அப்பழியைத் துடைக்கப் போராடுகிறான். 2010 இல் ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் திரைப்படமாக வந்த கதை அதுதான். அங்கே ஒரு பெண்ணுக்குப் பெண்மை குறைவு என்று பழி. இங்கே ஒரு பெண்ணுக்கு அழகு மிகுதி என்பதே பழி. குறைந்தாலும் குற்றம், மிகுந்தாலும் குற்றம்! அளவுகோல் எப்போதும் பிறர் கையில். தன்னைத் தான் அளந்து கொள்ளும் உரிமை இருவருக்கும் இல்லை. இரண்டு நாவல்களையும் இணைக்கும் சரடு இதுவே என்பது என் துணிபு.

இனி நான்காம் கட்சி. இவர்களுக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். ஏனெனில், இது இந்நகரில் தமிழ் படிக்கும் நம்மைப் பற்றிய கேள்வியும் ஆகும். தகழியின் ‘செம்மீ’னைச் சுந்தர ராமசாமியின் தமிழில் நாம் விரும்பிப் படிக்கிறோம். கருத்தம்மாவின் வாழ்வு நமக்கு அயலாகத் தோன்றவில்லை. மலையாளி எழுதிய மலையாள வாழ்வு தமிழுக்குள் வரலாம்; தமிழர் எழுதிய மலையாள வாழ்வு மட்டும் தமிழாகாது என்பது என்ன நியாயம்? இந்நகரம் ஒரு மொழியால் ஆனதன்று. நம்மாழ்வார் பாடிய திவ்விய தேசங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. ‘மனோன்மணீய’த்தை 1891 இல் தந்த பெ. சுந்தரம் பிள்ளை இங்கிருந்த கல்லூரியில்தான் தத்துவம் கற்பித்தார். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளையும், அகத்தீசுவரமும், கல்குளமும், விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தன. இந்நகரத் தமிழர்கள் இங்கேயே இருந்தனர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். ஒருவர் தமிழில் விலை கேட்பார். கடைக்காரர் மலையாளத்தில் விடை சொல்வார். பேரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ படியும். அந்த நடுவில் பேசப்படும் தமிழும் தமிழ்தான். அதனைக் கறை என்று சொல்லித் துடைக்கத் தொடங்கினால், கறையோடு நம்மில் பலரும் துடைக்கப்பட்டு விடுவோம்.

பிறர் வாழ்வை அருகிருந்து பார்த்து எழுதுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. அயலார் வீட்டுப் பெண்ணின் கதை என்றால் நமக்குத் துணிவு சற்று அதிகமாக வந்துவிடும். “நாயர் பெண்கள் அப்படித்தான்” என்று ஒரு நண்பர் கூட்டத்தில் சொன்னார். சொன்னவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் தவறு. நாவலுக்கும் அது பொருந்தாது. இன்னொரு மாநிலத்தில் படிக்கும் நம்மைப் பார்த்து, “பாண்டிக்காரர்கள் அப்படித்தான்” என்று யாரேனும் சொல்லும்போது நமக்கு எவ்வளவு சுடுகிறது! ஓர் ஆளைப் பாராமல் ஓர் இனத்தைப் பார்ப்பதும், ஓர் ஆளைப் பாராமல் அவள் முகத்தை மட்டும் பார்ப்பதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரண்டு கிளைகள்.

இவ்விவாதம் நம் வாழ்வுக்கு எட்டாத இலக்கிய விவாதம் என்று எண்ணுவோர், திருமணத் தகவல் பக்கங்களை ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும். படிப்பு, வேலை ஆகியவற்றோடு ‘சிவந்த நிறம்’ என்பதும் இன்னமும் தேவைப் பட்டியலில் நிற்கிறது. பெண் பார்க்க வருபவர்கள் காப்பித் தட்டை ஏந்தி வரும் பெண்ணின் கையையும் நிறத்தையும் நடையையும் பார்க்கின்றனர். கைப்பேசி வந்த பின்னர் தேர்வு இன்னும் எளிதாகிவிட்டது. வீட்டுக்கு வராமலே விரல் நுனியால் தள்ளிவிடலாம். கறுத்த பெண்ணைத் தள்ளுவதும் அழகிய பெண்ணைக் கொண்டாடுவதும் எதிரெதிர்ச் செயல்கள் போல் தோன்றுகின்றன. அடிப்படை ஒன்றே. முதலில் முகம், பிறகு, நேரம் இருந்தால், ஆள். மன்றக் கூட்டத்தில் முதலாண்டுத் தங்கை ஒருவர் எழுந்து கேட்டார்: “அண்ணா, அவள் போனது சரியா தவறா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். அவளுக்கு அழகாயிருப்பது பிடித்திருந்ததா என்று யாராவது கேட்டீர்களா?” கூட்டம் வாயடைத்துப் போயிற்று. அன்று பேசப்பட்டவற்றுள் நாவலுக்கு மிக அருகில் சென்றது அந்தக் கேள்விதான்.

பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சென்ற நண்பர்கள் அறிவர். பாம்பணையில் பள்ளிகொண்ட அப்பெருமானை ஒரே வாயிலில் நின்று முழுவதும் காண இயலாது. ஒரு வாயிலில் திருமுகமும், சிவலிங்கத்தின் மேல் நீண்ட வலக்கையும். நடு வாயிலில் உந்தித் தாமரையும் பிரமனும். அடுத்த வாயிலில் திருவடிகள். முதல் வாயிலில் நின்றவர், “நான் கண்டதே கடவுள்” என்று சாதித்தால் என்னாவது? மூன்று வாயில்களுக்கும் நடந்து போய்ப் பார்த்தவரும் மூன்று காட்சிகளை மனத்திற்குள்ளேதான் ஒட்டவைத்துக் கொள்ள வேண்டும். அப்பெருமானின் பெயரையே தலைப்பாகவும், தலைவர் பெயராகவும் கொண்ட ஒரு நாவலை ஒரு வாயிலில் நின்று படித்து முடித்துவிட முடியுமா? அதிலும், கார்த்தியாயினி நிற்கும் பக்கத்தில் ஆசிரியர் வாயிலே வைக்கவில்லை. அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டார். அங்கே ஒரு வாயில் இருக்க வேண்டும் என்று உணர்வது வாசகரின் வேலை.

ஆகவே, நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ‘குற்றவாளி கணவனா, மனைவியா’ என்று பட்டிமன்றம் வைப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. அதனைக் கைவிடுவோம். அதற்குப் பதிலாக, படித்தவர் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வருவோம். அனந்தன் நாயரைச் சாடுகிறவர்கள், அவர் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய ஓர் இரவை அவர் பக்கம் நின்று எழுதட்டும். கார்த்தியாயினியைச் சாடுகிறவர்கள், அவள் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளின் காலைப்பொழுதை அவள் வாய்மொழியாக எழுதட்டும். அவளுடைய அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு கடினம் என்பது! அழகை எடுத்துவிட்டால் அவளைப் பற்றி எழுத நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பேனா தயங்கும். அந்தத் தயக்கத்தில், அனந்தன் நாயர் வாழ்நாளெல்லாம் நின்ற இடத்தில் நாமும் ஒரு கணம் நிற்போம்.

மன்ற நூலகத்தில் இந்நாவலின் படி ஒன்றே உள்ளது. கை மாறி மாறி அட்டையும் கிழிந்துவிட்டது. இன்னும் இரண்டு படிகள் வாங்கச் செயலாளர் ஆவன செய்ய வேண்டும். படிக்காமலே கட்சி சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு முதலில் கொடுக்கலாம்.